பெயர் எழுதாத கொடிகள்

என் கண்ணுக்கு,

ரயில் ஆடுகிற ஆட்டத்தில் எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள். தையலும் அப்படித்தான் வந்திருக்கிறது.

பாப்பாவின் பிறந்தநாளுக்குத் தோரணமாகக் கட்ட ஒன்பது துணிக்கொடிகள் செய்திருக்கிறேன். வெண்டைக்காயை நறுக்கி, சாயத்தில் தொட்டு, பூப்பூவாக அச்சு வைத்திருப்பதைப் பார்த்து எதிர் சீட்டு அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. ஓரமெல்லாம் சங்கிலித் தையல். மூலைக்கு மூலை பொத்தான், எல்லாம் உன் அப்பா சட்டைகளில் கழற்றியது. இந்நேரம் வீட்டில் கத்திக்கொண்டிருப்பார். பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

"நடுவுல வெள்ளையா விட்டுட்டீங்களே, குழந்தை பேரை எழுதலையா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இன்னும் பேரு வைக்கல" என்றேன்.

"ஒரு வயசு ஆகுதுன்னீங்க?"

கையிலிருந்த ஊசியையே கீழே குனிந்து தேடினேன்.

உன் தோழிதான் என்னைக் கடைத்தெருவில் பார்த்து, உனக்குக் குழந்தை பிறந்து ஒரு வயசாகப் போகிறதென்று சொல்லி, உன் விலாசத்தையும் கொடுத்தாள். பெயரைக் கேட்க வாயெடுப்பதற்குள் அப்பா வந்து பக்கத்தில் நின்றுவிட்டார்.

உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று உன் கல்யாணத்தன்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவள் நான். இப்போது அவருக்கு நெஞ்சுவலி வேறு. மீறப் பயமாக இருக்கிறதடி.

பையையும் இந்தக் கடிதத்தையும் உன் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே காவலாளியிடம் கொடுத்துவிட்டு, எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பேன். நாலரை மணிக்கு எனக்குத் திரும்பும் ரயில்.

கொடிக்கு ஓர் எழுத்தாக எழுதி பால்கனியில் கட்டு. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன், கீழே இருந்தே படித்துவிடுவேன்.

உன்
அம்மா