ஒரு முடிச்சு நீலம்

மார்ச் 3

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உன் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் அலமாரியில் இருக்கும் பதினொரு சட்டையும் நீ வாங்கித் தந்தவை. நீ நிறம் சொல்லச் சொல்ல, காலரின் உள்பக்கம் நானே ஊசியால் முடிச்சுப் போட்டேன். ஒரு முடிச்சு நீலம், இரண்டு சிவப்பு, மூன்று பச்சை. விரலால் தடவிப் பார்த்துப் போட்டுக்கொண்டு போவேன். ஐந்து வருஷமாக.

போன வாரம் போனில் நிறம் சொல்லும் செயலி ஒன்றை ஏற்றினேன். முதல் சட்டை: பழுப்பு. அடுத்தது: பழுப்பு. மூன்றாவது: கரும்பழுப்பு. செயலியில்தான் கோளாறு என்று நினைத்தேன். மென்பொருளைச் சோதிப்பதுதானே என் பிழைப்பு? பாலைக் காட்டினேன், வெள்ளை என்றது. தக்காளியைக் காட்டினேன், சிவப்பு என்றது. அறைத் தோழனைக் கூப்பிட்டேன்.

"ஆமா கிளி, தினமும் அட்டைப்பெட்டி மாதிரிதானே போற? காலேஜ்லயே கலரெல்லாம் விட்டுட்டே. உனக்கு அதான் பிடிக்குதுன்னு நெனச்சேன்."

அலுவலகத்தில் எல்லோரும் நீலம் போட வேண்டிய நாளில், ஒரு முடிச்சுச் சட்டையோடு நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன் அக்கா. "நானும் நீலம்" என்று வேறு சொன்னேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

பார்வையில்லாதவனுக்கு நிறம் எதற்கு என்று ஆரம்பிக்காதே. ஏன் பொய் சொன்னாய் என்று மட்டும் சொல். டைப் அடித்து அனுப்பு. உன் கையெழுத்தைக் கணினி படிக்காது. மனுஷர்களே படிக்க மாட்டார்கள்.

தம்பி


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். நீ காலேஜ் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? நான்தான் கொண்டுவந்து விட்டேன். பச்சைச் சட்டை, சிவப்புப் பேன்ட். அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. வாசலில் நின்ற பையன்கள் உன்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று தெரியாமல் நீயும் சேர்ந்து சிரித்தாய். தூரத்தில் நின்று நான் அழுதேன்டா.

அன்றைக்கே முடிவு செய்தேன். எதை எடுத்துப் போட்டாலும் எதோடும் பொருந்த வேண்டும், யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. நீ சிவப்பு கேட்டாய், சிவப்பு என்றேன். உனக்குச் சந்தோஷம், எனக்கு நிம்மதி.

கல்யாணத்துக்கு இத்தோடு ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். அதையே போடு, என் செல்லமில்லையா. நாலு பேர் பார்ப்பார்கள்.

உன் அக்கா


மார்ச் 14

அக்கா,

தெரியாமல் சிரித்தேன் என்று உனக்கு யார் சொன்னார்கள்? எனக்குக் கண்தான் தெரியாது, காது நன்றாகவே கேட்கும். "டேய், கிளி வருதுடா" என்றான் ஒருத்தன். உடுப்பில் ஏதோ ஏடாகூடம் என்று அந்த நிமிஷமே புரிந்தது. "கிட்ட வா, கொத்தறேன்" என்றேன். அதற்குத்தான் அப்படிச் சிரித்தார்கள். அவன்தான் இன்று என் அறைத் தோழன். நீ அழுத இடத்தில் எனக்குச் சிநேகிதன் கிடைத்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வெட்கப்பட்டது நீ, பழுப்பு மட்டும் எனக்கா?

கல்யாணச் சட்டை திரும்ப வருகிறது. அதுவும் பழுப்பு. சோதித்துவிட்டேன்.

நேற்று தனியாகக் கடைக்குப் போனேன். உள்ளே கூட்டிவந்த காவலாளியிடம், "இவருக்கு என்ன சைஸ்?" என்று கேட்டார் கடைக்காரர். "சட்டை போடப்போறது நான். என்கிட்ட கேளுங்க" என்றேன். சிவப்பு வாங்கினேன். மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டிக் கேட்டேன். மூன்று பேரும் சிவப்பு என்றார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் வருவேன். நாலு பேர் பார்க்கட்டும். முடியாது என்றால் சொல்லிவிடு, வரவில்லை.

உன் கல்யாண உடை என்ன நிறம் என்று நீ இன்னும் சொல்லவே இல்லை. சொன்னாலும் இனி சரிபார்ப்பேன்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

உறைக்குள் தடவிப் பார். கல்யாண உடை தைத்ததில் மீந்த துணி ஒரு துண்டு இருக்கும். நிறம் நான் சொல்லப்போவதில்லை. மூன்று பேரிடம் காட்டிக் கேட்டுக்கொள். முடிச்சை அப்புறம் போடு.

போட்டோவில் நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அக்கா