இரண்டு செகண்ட் பூட்டு

மச்சான், இன்று காலை கணினியைத் திறந்ததும் அந்த மஞ்சள் வரி வந்து நின்றது. "இந்தத் தொகுப்பு நீக்கப்பட உள்ளது. பயன்படுத்த வேண்டாம்." பட்டன், பெட்டி, பட்டியல் என்று நம் அலுவலகத்தின் எல்லாத் திரைகளுக்கும் நீ செய்துவைத்த தொகுப்பைத்தான் சொல்கிறது. அந்த எச்சரிக்கை வரியை எழுதியவன் நான். நீ இருக்கும்போதே எழுதினேன். செம்மண்டலத்து மாடி ஆபீசில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தினமும் படித்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மற்றதையெல்லாம் புதிதாக மாற்றியாயிற்று; இன்று மிச்சமிருந்தது உன் பட்டன் ஒன்றுதான். அழிக்கத் திறந்தேன்.

சிதம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு டோக்கன் திரை செய்து கொடுத்தோமே. முதல் வாரமே ஒரே ஆளுக்கு இரண்டு டோக்கன் விழுந்தது. நேரில் போய்ப் பார்த்தோம். கிள்ளையிலிருந்து வந்த ஓர் அம்மா, ஒரு தரம் அழுத்திவிட்டு ஒன்றும் அசையவில்லையே என்று மறுபடி அழுத்தினார். "எங்க ஊரு ஜனம் மச்சான், சும்மா உடமாட்டாங்க" என்று சிரித்தாய். இரண்டாவது அழுத்தலைத் தள்ளிவிட வேண்டியது திரைக்குப் பின்னால் ஓடும் சர்வர். அது என் வேலை. நான் கோட்டை விட்டிருந்தேன். திரும்பும் பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்து, ஆலப்பாக்கம் வருவதற்குள், ஒரு தரம் அழுத்தினால் இரண்டு செகண்ட் அசையாதபடி பட்டனைப் பூட்டிவிட்டாய்.

"நீ சர்வர்ல சரி பண்ற வரிக்கும் இது கெடக்கட்டும். அவசரமில்ல."

நானும் அவசரப்படவே இல்லை.

பிறகு ஒரு கூட்டத்தில் மேனேஜர், அந்தப் பட்டன் ஏன் அழுத்தினா இப்படி மாட்டிக்குது என்று கேட்டார். "அவன் தொகுப்பு பழசாயிடுச்சி சார், எடுத்துட்டு புதுசு போட்டுடலாம்" என்றேன். எதிரில் நீ. என் முகத்தைப் பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தாய். வெளியே வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். வெட்கமில்லாமல் குடித்தேன்.

நெஞ்சு வலி வந்து நீ போய் எட்டு மாதமாகிறது. கிள்ளைக்கு வந்து உன் தம்பியிடம், "அவன மாதிரி வேலக்காரன் கெடையாது" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆபீசில்தான் இல்லாமல் போனது.

பட்டனுக்கு மேலே உன் குறிப்பு அப்படியே இருந்தது. "ரெண்டு செகண்ட் பூட்டு. சர்வர் சரியானதும் எடுத்துடலாம்." யார் சரிசெய்ய வேண்டுமோ அவர் பெயரைக் குறிப்பில் போடுவது நம் வழக்கம். அந்த இடத்தை வெறுமனே விட்டிருந்தாய், என்னை யாரும் கேட்டுவிடக் கூடாதென்று. அந்தக் குறிப்பை ஒரு தாளில் எழுதி, அங்கே என் பெயரைப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகு சர்வரைச் சரிசெய்தேன். ஒன்பது வரி. காலை டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. உன் பட்டனை அழித்தேன்.

மதியம் கூட்டத்தில் மேனேஜர், "பாருங்க, அந்தப் பழசத் தூக்கினதும் எப்படி ஓடுது" என்றார்.

"இல்ல சார். தப்பு என் சர்வர்ல இருந்துச்சி. அத மறைக்கத்தான் அவன் பூட்டுப் போட்டான். அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

"சரி உடுங்க, இப்ப எதுக்கு அது. அடுத்தது என்னா?" என்றார்.

அவ்வளவுதான் மச்சான். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று நீ எதிரில் உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். இவ்வளவுக்குப் பயந்துதான் உன்னை விட்டுக்கொடுத்தேன்.