இரண்டு லயத்துக்கும் எழுதிய பேச்சு

கோலா சாவா,
14 ஜூன் 1943

அன்புள்ள செல்லம்மாவுக்கு,

மலாக்காவில் நீயும் பிள்ளைகளும் வயிறாரச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்பிக்கொள்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அவருடைய வெள்ளைச் சட்டையைச் சாம்பல் தண்ணீரில் துவைத்தேன். சவுக்காரம் கிடைப்பதில்லை, சட்டை வெளுக்கவும் இல்லை. நாளை அதைப் போட்டுக்கொண்டு ஜப்பான் அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். தோட்டக் கமிட்டித் தேர்தலில் அவர் ஜெயித்துவிட்டார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் இப்போது தலைவர்.

நம் கல்லூரி விடுதியில் செய்தது போல் இங்கே சீட்டு எழுதிப் போடுவதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே, வேண்டியவர் பின்னால் போய் நிற்க வேண்டும். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீரமுத்துவின் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். மற்றவர்கள் எல்லாரும் இவர் பின்னால்.

சயாமில் ரயில் பாதை போடப் பன்னிரண்டு பேர் வேண்டும் என்று ஜப்பான்காரர்களின் உத்தரவு. யார் யார் என்பதைக் கமிட்டித் தலைவர் முடிவு செய்யலாம். மார்ச்சில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. தேர்தலுக்கு முன் கீழ் லயத்து வரிசை வீடுகளின் முன் நின்று பேசியபோது, சீட்டுக் குலுக்கிப் பார்ப்போம் என்றார். இரண்டு நாள் கழித்து, நல்லசாமி கங்காணியின் வீட்டு வாசலில், மேல் லயத்திலிருந்து ஒருவர்கூடப் போக வேண்டாம் என்றார். இரண்டு பேச்சையும் எழுதிக் கொடுத்தவள் நான். இரண்டாவதை எழுதும்போதும் பேனா நிற்கவில்லை.

பிறகு கேட்டேன். "ஜெயிச்சாத்தானே எதையும் செய்ய முடியும்? வீரமுத்து வந்தா இருபது பேர அனுப்பி நல்ல பேரு வாங்குவான்" என்றார். அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நேற்று குழாயடியில் மயிலம்மாள், "டீச்சரம்மா, ஐயாவுக்கு நாக்கு ஒண்ணுதானா, லயத்துக்கு ஒண்ணா?" என்று கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு இது ஏழாம் மாதம். பட்டியலில் பன்னிரண்டு பேரும் கீழ் லயம். சீட்டுக் குலுக்கவே இல்லை. கடைசிப் பெயர் அவள் புருஷன் அர்ச்சுனனுடையது. அவளுக்கு இன்னும் தெரியாது.

பள்ளிக்கூடம் நடக்கிறது. பிள்ளைகள் ஜப்பான் பாட்டுப் பாடுகிறார்கள். என் பல்வலி குறைந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவன்தான் அர்ச்சுனன். மரவள்ளிக் கிழங்கு லோரியில் தம்பின் ஊர் வரை வந்து, பிறகு நடப்பான். கொடுத்துவிட்டு உடனே திரும்ப வேண்டும் என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். நீ திருப்பி அனுப்பாதே. முதலில் சோறு போடு. மயிலம்மாளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் பட்டியலை ஆங்கிலத்தில் நல்ல தாளில் எழுதித் தர வேண்டும். நான் எழுதித் தருவதை அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டதில்லை. பதினொரு பெயரோடு கொடுத்தால், லயத்தில் புகுந்து கையில் அகப்பட்டவனை இழுத்துப் போவார்கள். அதனால் பன்னிரண்டு இருக்க வேண்டும்.

கல்யாணமாகி இருபது ஆண்டுகளாகிறது. அவர் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. இன்று பன்னிரண்டாவது வரியில் எழுதப் போகிறேன். வேறு யாருக்கும் இது தெரியாது.

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டு இனி எழுதாதே, செல்லம்மா. நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன்
மங்கம்மா