வாட்டம் இல்லாத சாக்கடை

உன் வீட்டு வாசற்படியின் மேல் இப்போது ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. சர்வேயர் போட்ட பெயிண்ட். கோட்டுக்கு வெளியே நீண்டிருந்த படியை உடைத்து எடுத்துவிட்டார்கள். உன் கணவருக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு, இன்று காலை கஞ்சி கொண்டுபோனபோது அந்த உடைந்த படியில்தான் கால் வைத்தேன். கீழே சாக்கடை ஓடவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. கறுப்பாக, நுரை கட்டி, யார் வீட்டுச் சோற்றுப்பருக்கையோ மிதந்துகொண்டு. குமட்டிக்கொண்டு வந்தது. நாற்றம் பாதிதான் காரணம். மீதியை உன்னிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

கடலூர் சர்வே ஆபீசில் நீ வெயிலில் மெஷினோடு நிற்பாய். நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, நீ கொண்டுவரும் அளவுகளைக் கம்ப்யூட்டரில் வரைபடமாக்குவேன். என்னை மகாராணி என்று கிண்டல் செய்வாய். ஆபீசுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "நெலத்த அளக்கணும்" என்று மட்டும்தான் சொல்வார்கள். "எதுக்கு?" என்று நீ கேட்பாய். அது அவர்களுக்குப் பிடிக்காது. பக்கத்து நிலத்துக்காரனோடு தகராறா, எல்லை அளக்க வேண்டும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கவா, உட்பிரிவு. மனை போட்டு விற்கவா, சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் விட்டு மனைப்பிரிவு. வீடோ ரோடோ வாய்க்காலோ கட்டவா, மேடு பள்ளம் தெரிய லெவல் எடுக்க வேண்டும். நீ இவ்வளவும் சொல்லி முடித்த பிறகும் பத்துக்கு எட்டுப் பேர் எல்லையைத்தான் அளக்கச் சொல்வார்கள்.

கீரப்பாளையம் பக்கம் ஒருவர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? தன் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை, பக்கத்து வயல்காரன் வரப்பை நகர்த்திவிட்டான் என்று சத்தம் போட்டார். நீ எல்லையை அளந்த கையோடு, யாரும் கேட்காமலேயே வாய்க்காலுக்கும் லெவல் எடுத்தாய். வரப்பு இருந்த இடத்தில்தான் இருந்தது. மண் தூர்ந்து வாய்க்காலின் அடிமட்டம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். அன்று பஸ்ஸில் வரும்போது சொன்னாய், "திருடன் இல்லன்னு சொன்னதும் அந்த ஆளுக்கு மூஞ்சே தொங்கிப் போச்சுடி. தண்ணி வரலங்கறதகூட மறந்துட்டாரு." நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பு வரவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு நம் தெருவில் புதிதாகச் சிமெண்டு சாக்கடை கட்டினார்கள். தண்ணீர் ஓடுவதற்குச் சரிவாக வாட்டம் கொடுத்தார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் ஆபீசுல பாத்துட்டாங்கம்மா" என்றார் கான்ட்ராக்டரின் ஆள். அடுத்த வாரமே தெருவின் கழிவெல்லாம் கடைசி வீடான உன் வீட்டு வாசலில் வந்து நின்றது. அண்ணனுக்குச் சர்க்கரை. காலில் ஆறாத புண். ஈரம் படவே கூடாது என்கிறார் டாக்டர். ஆனால் அவர் மருந்து வாங்கப் போவதற்குக்கூட அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தெருவில் கூடிப் பேசினோம். லெவல் எடுக்கச் சொல்லி மனு கொடுப்போம் என்று நான் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. நடுவீட்டு மாமா, உன்னை மகளே என்று கூப்பிடுவாரே அவர்தான், எவனோ படியை இழுத்துக் கட்டியதால்தான் சாக்கடை அடைக்கிறது, முதலில் எல்லையை அளக்கட்டும் என்றார். உடனே எல்லோருக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஆளாளுக்கு எதிர்வீட்டுப் படியைப் பார்த்துக்கொண்டே எல்லை அளக்கக் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். சர்வேயர் வந்தார், ஒழுங்காகத்தான் அளந்தார். உன் படி, என் படி, மாமாவின் படி எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வெளியே இருந்தன. உடைத்தார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசுவதை விட்டார்கள். சாக்கடை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கு முன்பே ஒருநாள் வரி போடுவதற்காக ட்ரோன் விட்டுத் தெருவை அளந்துகொண்டு போயிருந்தார்கள். மேலே இருந்து மொட்டைமாடி தெரியும், நாற்றம் தெரியாது.

பொறுக்க முடியாமல் போன ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் நீளமான டியூபை வாங்கி வந்து, ஒரு முனையை மாமாவிடம் கொடுத்தேன். வேண்டாவெறுப்பாகப் பிடித்தார். துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே போனோம், தெருவே வேடிக்கை பார்த்தது. தெருவின் மறுகோடியில், பெரிய வாய்க்காலில் போய்ச் சேர வேண்டிய முனை உன் வாசலைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. வாட்டத்தைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறார்கள். உடைத்துத் திரும்பக் கட்டினால் ஒழிய ஓடாது. இனியாவது புரியுமே என்று மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

டியூபைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: "ஒடச்சா எங்க வாசல மறுபடியும் நோண்டுவானுங்க. எல்லார் வீட்டு முன்னாடியும் நாறுறதுக்கு ஒரு வீட்டோட போவட்டும், வுடும்மா." யாரும் அவரை மறுக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா தலையைக்கூட ஆட்டினாள். உன் இட்லியைத் தின்றவர்கள், உன் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள். ச்சீ என்று வாய்விட்டே சொன்னேன். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். கண்ணால் பார்த்த பிறகு சொல்கிறார்களே.

லெவல் எடுத்துச் சாக்கடையைத் திரும்பக் கட்டச் சொல்லி நானே ஒரு மனு எழுதி, இன்று கையெழுத்துக்காக அண்ணனிடம் நீட்டினேன். கட்டுப்போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்திருந்தார். நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வேணாம்மா. நாளைக்கு எனக்கு ஒன்னுன்னா தூக்கறதுக்கு இவுங்கதான வரணும்" என்றார். உன்னையும் அவர்கள்தானே தூக்கிப் போனார்கள். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மாமா சொன்னதைவிட அண்ணன் சொன்னதுதான் எனக்கு அதிகமாகக் குமட்டியது.

மனுவில் என் கையெழுத்து ஒன்றுதான் இருக்கிறது. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு கடலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். தெருவில் எல்லோருக்கும் பழகிவிட்டது, அண்ணனுக்குக்கூட. எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. அது இருக்கும்போதே போய்விட வேண்டும்.