பாலிஷ் மெஷினைப் பற்றி உன் அப்பாவிடம் கேட்காதே

என் அன்பு மகள் நெல்வாவுக்கு, அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே எல் ஆல்தோவில் நடமாட்டமாகத்தான் இருக்கிறோம். அதுபோல நீயும் பியூனோஸ் அயர்ஸில் வேளைக்குச் சாப்பிட்டு, தையல் மெஷின் முன்னால் முதுகு வளையாமல் உட்கார்ந்து, சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்த ஜூலைக் குளிரில் விடிந்தால் குழாயில் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. எனக்கு முழங்கால் வலி, உன் அப்பாவுக்கு வாயில் வியாதி, அதாவது மூடத் தெரியாத வியாதி. போனில் பேசினால் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு பேச்சுக்கும் குறுக்கே விழுவார், அதனால்தான் காகிதத்தில் எழுதி, அங்கே வர பஸ் ஏறுகிற நம் தெரு செனோபியா கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே இரண்டு கிலோ உருளைக்கிழங்கு வற்றலும் ஒரு கம்பளிச் சட்டையும் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள், அவள் மறதிக்காரி, அதிலும் சாப்பாட்டுச் சாமான் என்றால் மறதி இன்னும் அதிகம்.

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டோம். உன்னோடு பழகுகிற அந்தப் பராகுவேக்காரப் பையன் தெர்லிஸ் (பெயரைப் பார், துணி சோப்புக்கு வைக்கிற பெயர்) பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறானாம், அதை அவனே பாலிஷ் போடப் போகிறானாம், பழக்கமில்லாத வேலையாம், எந்த மெஷின், எந்தப் பஞ்சு, எந்த வாக்ஸ் வாங்குவது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லச் சொல்கிறாய். உன் அப்பாவிடம்! கேட்டதும் மனுஷன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வீட்டுக்குள்ளே உட்கார்ந்து பதில் சொல்ல எதற்குத் தொப்பி? "எழுதிக்கடி, ஒண்ணுவிடாம எழுது, பையன் பொழைச்சுக்குவான்" என்று ஆரம்பித்தார். நான் பேனாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டேன். ஆகஸ்டில் திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. இப்போது ஆகஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கார் பாலிஷ் பற்றிக் கேள்வி வருகிறது. ஊர் திரும்ப நினைக்கிறவர்கள் அந்நிய ஊரில் கார் வாங்கித் தேய்த்துக்கொண்டிருப்பார்களா? அதைக் கடைசியில் பேசுகிறேன், முதலில் உன் அப்பாவின் பிரதாபத்தைக் கேள்.

முன்பல் இரண்டும் போனதிலிருந்து அவரால் டியூபாக் குழலை ஊத முடியவில்லை, பாண்டுக்காரர்கள் மரியாதையாக ஒரு விருந்து போட்டு அனுப்பிவிட்டார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அதன் பிறகுதான் அந்த நீல நிற வேன் வந்தது. நம் தெருவிலிருந்து கீழே லா பாஸ் வரைக்கும் ஆள் ஏற்றுகிற வண்டிச் சங்கத்தில் சேர வேண்டும். அதற்கு வண்டி பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும், கோப்பகபானா மாதா கோயில் வாசலில் மந்திரித்து வர வேண்டும், ஞானத்தகப்பன் ஞானத்தாய் வைத்துச் செய்ய வேண்டும். சங்கத் தலைவர் செவேரோவே ஞானத்தகப்பனாக இருக்கச் சம்மதித்தார். இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? பட்டறையில் விட்டு ஒரு பாலிஷ் போட்டு வந்திருக்கலாம். இவரோ, "எதுக்குடி பட்டற? முப்பது வருஷமா டியூபா தொலக்கினவன் நான். என் டியூபாவுல மொகம் பாத்துத்தான் பாண்டு மாஸ்டரு மீசைய வெட்டிக்குவாரு" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுச் சந்தைக்குக் கிளம்பினார். பை தூக்க நானும் போனேன்.

சந்தையில் பிளாசிதா என்று ஒருத்தி இந்தச் சாமான்தான் விற்கிறாள். நல்ல வாயாடி, எனக்குப் பிடித்துப்போயிற்று. இவர் கை வைத்தது இருப்பதிலேயே கனமான மெஷின். அவள் உடனே, "அண்ணே, அது உங்களுக்கு வேணாம். அது ஒரே போக்கா சுத்தும், சூடேறும், ஒரு எடத்துல நின்னுச்சுன்னா பெயின்ட்டத் தின்னுடும். இந்தா, இது சுத்திக்கிட்டே ஆடும், ரொம்ப அழுத்துனா சுத்தறத நிறுத்திக்கும். கத்துக்கறவங்களுக்கு இதான்" என்றாள். இவர் டியூபா கதையை எடுத்துவிட்டார். அவள் சிரித்தபடி, "டியூபா பித்தளண்ணே, மேலயும் பித்தள, உள்ளயும் பித்தள. எவ்வளவு தேச்சாலும் தாங்கும். காரு மேல இருக்கறது வெங்காயத்தோலு" என்றாள். நான் அவர் முழங்கையை இடித்தேன். இடித்தால் கேட்கிற ஆளா? ஆடுகிற மெஷின் பொம்பளைங்க மாவு பிசையறதுக்காம். கனத்ததையே வாங்கினார். அதில் மாட்ட ஸ்பாஞ்சுப் பஞ்சு எடுத்துக் கொடுத்தாள், வேண்டாமென்று ஆட்டுத்தோல் மாதிரி முரட்டுக் கம்பளிப் பஞ்சு ஒன்றைப் பொறுக்கினார், ஒன்றே ஒன்று. காம்பவுண்டு என்கிற தேய்க்கும் பசையிலும் சொரசொரப்பானதுதான் சீக்கிரம் வேலை செய்யுமாம். வாக்ஸை எப்படித் தேர்ந்தெடுத்தார் தெரியுமா, டப்பாவின் மேல் பந்தயக் கார் படம் போட்டிருந்தது, அவ்வளவுதான் ஆராய்ச்சி. பிளாசிதா என்னைப் பார்த்தாள், நான் வானத்தைப் பார்த்தேன்.

மறுநாள் உச்சி வெயிலில் வேலையை ஆரம்பித்தார். வண்டியைக் கழுவினாரா என்று கேட்காதே, விளக்குமாற்றால் இரண்டு தட்டு தட்டினார். எல் ஆல்தோ மண் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், அத்தனையும் பஞ்சுக்குக் கீழே போய்க் கோடு கோடாகக் கீறியது. மெஷின் இவரை இழுத்துக்கொண்டு போகிறது, இவர் அதை இழுக்கிறார், குடிகாரனைக் கல்யாண வீட்டிலிருந்து கூட்டிவருகிற மாதிரி இருந்தது. காம்பவுண்டு தெறித்து என் பாவாடையிலும் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியிலும் வெள்ளைப் பொட்டு. பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள், இவர் காது கேட்காத மாதிரி தேய்த்தார். பிறகு பானெட்டின் முன் விளிம்பில் வந்து நின்றார். டியூபாவில் வளைவான இடத்தில்தான் அழுக்கு சேரும், அங்கேதான் அழுத்தித் தேய்க்க வேண்டும், அந்த ஞாபகத்தில் வண்டியின் விளிம்பையும் அழுத்தினார். பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. நீலம் போய்ச் சாம்பல் நிற அடிப்பூச்சு எட்டிப் பார்த்தது, ஒரு ரொட்டி அகலத்துக்கு. "இது பழைய கறைடி, உள்ளேருந்து வெளிய வருது" என்றார். என்னிடம் சொல்கிறார் இதை, முப்பது வருஷம் அவரோடு குடும்பம் நடத்திய என்னிடம். கறையை மறைக்க வாக்ஸை எடுத்து, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறாற்போல அப்பினார், காயவிட்டுத் துடைத்து மறுபடி அப்பினார், டப்பா காலியாகும் வரை. வண்டி பளபளத்தது, அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் கறை தெரியாது, பானெட்டில் பூமாலை வேறு போட்டுவிட்டோம்.

கோப்பகபானாவுக்குப் போனோம். கோயில் வாசலில் வரிசையாக வண்டிகள், எல்லாவற்றிலும் கிளாடியோலஸ் பூ, காகிதத் தோரணம். சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். அப்புறம் ஞானத்தகப்பன் முறை. செவேரோ பீர் பாட்டிலைக் குலுக்கி, முதல் சொட்டு பூமித்தாய்க்குத் தரையில் விட்டு, மீதியைப் பானெட்டின் மேல் பொழிந்தார். பீர் நிற்கவில்லை, நெல்வா. முத்து முத்தாக உருண்டு தரைக்கு ஓடிற்று. அவர் மனைவி கை நிறைய வண்ணக் காகிதப் பொட்டுகளை அள்ளிப் போட்டாள். மற்ற வண்டிகளில் அது பீரில் நனைந்து அப்படியே ஒட்டிக்கொள்ளும், ஊர் போய்ச் சேரும்வரை ஒட்டியிருந்தால்தான் வரம் ஒட்டியது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் ஒன்றுகூடத் தங்காமல் சறுக்கிக்கொண்டு விழுந்தது. செவேரோ இன்னொரு பாட்டிலைத் திறந்தார், அதுவும் ஓடிற்று. "என்ன காசிமிரோ, ஒன் வண்டி என் கையால வாங்கிக்க மாட்டேங்குதே?" என்றார். அவர் மனைவி இன்னும் ஒரு படி மேலே போய், "மாதா குடுக்கறதையே ஒதறித் தள்ளுது. இதுல எவன் ஏறுவான்?" என்றாள். அப்போதாவது உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கலாம். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்: "தலைவரே, வாக்ஸு அப்படி! அடுக்கடுக்காப் போட்டிருக்கேன். இதுமேல எதுவுமே ஒட்டாது!" கோயில் வாசலில், ஞானத்தகப்பன் முகத்துக்கு நேராக, பெருமையாக.

செவேரோ பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார், கிளம்பப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் போனால் சங்கம் போயிற்று. மீன் பொரிக்கிற கடைக்காரியிடம் ஒரு வாளித் தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் வாங்கினேன். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாலையைக் கழற்றிப் பானெட்டைத் தேய்த்தேன், அலசி மறுபடி தேய்த்தேன். ஊரே வேடிக்கை பார்த்தது. வாக்ஸ் போனது, கறை வெளியே வந்தது. யாரோ ஒருவன், "அண்ணே, வண்டிக்குச் சொட்டை விழுந்திருச்சே!" என்றான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், எதற்கு ஒளிக்க வேண்டும்? "தலைவரே, இப்ப ஊத்துங்க" என்றேன். ஊற்றினார். பீர் பரவி நின்றது. காகிதப் பொட்டு ஒட்டியது. பெயின்ட் இல்லாத அந்த இடத்தில் மட்டும் காகிதச் சாயம் இறங்கி ரோஸும் ஊதாவுமாக ஊறிப் பிடித்துக்கொண்டது. செவேரோ குனிந்து பார்த்துவிட்டு, "இப்ப வாங்கிக்கிச்சு" என்றார். சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். உன் அப்பா இன்றுவரை அந்த இடத்துக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. ஏறுகிறவர்கள் கேட்டால் "மாதா கை வச்ச எடம்" என்கிறார். சில பெண்கள் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறுகிறார்களாம். எரித்தது இவர், பேர் மாதாவுக்கு.

ஆகவே உன் தெர்லிஸுக்கு நான் சொல்வதைச் சொல், இதெல்லாம் பிளாசிதாவிடம் மறுபடி போய்க் கேட்டுக்கொண்டு வந்தது. சுற்றிக்கொண்டே ஆடுகிற மெஷின்தான் வாங்க வேண்டும், கையில் பிடித்துப் பார்த்துக் கனமில்லாததாக. கம்பளி வேண்டாம், மிருதுவான ஸ்பாஞ்சுப் பஞ்சு நாலைந்து வாங்கட்டும், ஒன்று அழுக்கானால் மாற்ற வேண்டும், மண்ணில் விழுந்ததை எடுத்துத் தட்டிவிட்டுப் போடக் கூடாது. நைசான பாலிஷில் ஒரு மூலையில் ஆரம்பித்துப் பார்க்கட்டும், அதில் போகாத கீறலுக்கு மட்டும் முரடானது. முதலில் வண்டியை நன்றாகக் கழுவ வேண்டும், நிழலில் நிறுத்த வேண்டும், விளிம்புக்கெல்லாம் டேப் ஒட்ட வேண்டும், மெஷினைப் படுக்கையாக வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். வாக்ஸ் கீறலைப் போக்காது, பளபளப்பைக் காப்பாற்றுகிற சமாசாரம் மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகப் பூசினால் போதும். இவ்வளவுதான் வித்தை. நடுக்குளிரிலும் ஐஸ் போட்ட மூலிகைத் தண்ணீர் குடிக்கிறவனுக்கு இதெல்லாம் மண்டையில் ஏறுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி என் கேள்வி. அந்த வண்டிக்கு யார் ஞானத்தகப்பன், யார் ஞானத்தாய்? அங்கே யாரும் இல்லைதானே, எனக்குத் தெரியும், அந்த ஊரில் வண்டி வாங்கினால் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டிப் போய்விடுவார்கள், கேட்பாரற்ற வண்டி. அப்படிப்பட்ட வண்டியில் நீ ஏறி உட்கார்ந்து ஊர் சுற்றுவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நீ அங்கேயே தங்கிவிடுவாயோ என்றும் பயமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்து எனக்குப் பேச வராது. ஆகஸ்டில் நீ பஸ்ஸில் வர வேண்டாம். அவனையே அந்தக் காரில் ஓட்டிக்கொண்டு வரச் சொல். நேரே கோப்பகபானாவுக்குப் போவோம். ஞானத்தாய் நான். ஞானத்தகப்பனாக உன் அப்பா நிற்கட்டும், வேறு ஆள் கிடைக்கவில்லை. பிறகு நீங்கள் எங்கே திரும்பிப் போனாலும் நான் தடுக்கமாட்டேன்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், அவனையும் சேர்த்துக் காப்பாற்றட்டும். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். பாலிஷ் எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும், ஆனால் இங்கே வந்து சேரும்வரை வாக்ஸ் போடக் கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு. நான் ஊற்றுவது ஒட்ட வேண்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா யுலாலியா