ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

என் டீச்சரம்மாவுக்கு,

நானும் நம் குட்டியும் நலம். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டையில் முடிகிறது. அதனால் நீ சொன்னபடி பேனாவை எடுத்துவிட்டேன். வலது கையால்தான் எழுதுகிறேன், கவனி! கோணல் கையெழுத்துக்கு அடிபட்டதைக் காரணம் சொல்லாதே. அது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான்.

நல்ல செய்தி. விரல்களில் உணர்வு திரும்பிவிட்டது. நேற்று குட்டி என் கண்ணைக் கட்டிவிட்டு, பேனா மூடியால் விரல் விரலாகக் குத்தினாள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். 16ஆம் தேதி திங்கட்கிழமை பள்ளி வேனைத் திரும்ப எடுக்கிறேன். மேலாளரிடமும் சொல்லியாயிற்று.

நீ வெளியூரில் சம்பாதிக்க, நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

உன் ஓட்டுநர்

மார்ச் 6, வெள்ளி

அன்புள்ள உங்களுக்கு,

படித்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். காலண்டரை எடுத்து நாட்களை எண்ணினேன்.

வேன் கண்ணாடி உடைந்து மணிக்கட்டில் அறுத்த நரம்பைத் தைத்து மூன்று மாதம்தான் ஆகிறது. நர்சிங் மாணவிகளுக்கு நான் தினமும் நடத்தும் பாடம் இது. விரல் நுனியில் தொட்டதை உணரும் நியூரானின் உடல் விரலில் இல்லை, முதுகெலும்பின் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே ஒரு நீண்ட வால் விரல் நுனிவரை ஓடுகிறது. அப்படி ஆயிரக்கணக்கான வால்களை உறை போட்டுக் கட்டியதுதான் நரம்பு. அறுபட்டால், வெட்டுக்குக் கீழே உள்ள வால் செத்துவிடும், உறை மட்டும் வெறுங்குழாயாக மிஞ்சும். மேலே இருக்கும் முனை அந்தக் குழாய்க்குள் மறுபடி வளர்ந்து இறங்க வேண்டும், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில். உங்கள் நரம்பு இன்னும் உள்ளங்கையைத் தாண்டியிருக்காது.

எனக்காக ஒன்று செய்யுங்கள். இரண்டு கைகளையும் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் வையுங்கள். சூட்டை இடது கையால் பார்த்துவிட்டு வையுங்கள். எந்த விரலில் தோல் சுருங்குகிறது, எதில் சுருங்கவில்லை என்று எழுதுங்கள். ஏன் என்று இப்போது கேட்க வேண்டாம்.

உங்கள்
டீச்சர்

மார்ச் 10, செவ்வாய்

டீச்சரம்மா,

உத்தரவுப்படி வாளியும் கையுமாக உட்கார்ந்தேன். குட்டி கேலி செய்தாள்: "அப்பா, துணி எதுவும் போடலையா? சும்மாவா ஊற வைக்கிறீங்க?"

முடிவைக் கேள். இடது கை ஐந்து விரலும் கிழவன் முகம் மாதிரி சுருங்கிப்போயின. வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் ஒரு சுருக்கம்கூட இல்லை, வழவழவென்று புதுசு மாதிரி! மோதிர விரலில் பாதி சுருங்கியது, சுண்டுவிரல் முழுதாகச் சுருங்கிவிட்டது. சுண்டுவிரல்தான் கொஞ்சம் பலவீனம் போலிருக்கிறது. வேன் ஓட்ட அது எதற்கு?

இனியாவது நிம்மதியாக இரு.

உன் ஓட்டுநர்

மார்ச் 12, வியாழன்

உங்களுக்கு,

நான்கு முறை அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

தோல் சுருங்குவது தண்ணீரின் வேலை இல்லை, நரம்பின் வேலை. நரம்பு உயிரோடு இருக்கும் விரல்தான் சுருங்கும். உங்களுக்கு அறுபட்ட நரம்பு எந்த மூன்றரை விரலுக்குப் போகிறதோ, அந்த மூன்றரையும் சுருங்கவில்லை. நீங்கள் பலவீனம் என்று சொன்ன சுண்டுவிரல்தான் ஆரோக்கியமாக இருக்கிறது. அதற்கு வேறு நரம்பு.

கண் கட்டிய துணிக்கு அடியில் எட்டிப் பார்த்தீர்கள், இல்லையா?

காரணத்தை முன்பே சொல்லியிருந்தால் எல்லாம் சுருங்கியது என்று எழுதியிருப்பீர்கள். அதனால்தான் மறைத்தேன். புருஷனுக்கே பொறி வைத்தவள் என்று திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்த வேனில் பதினொரு குழந்தைகள் ஏறுகிறார்கள், நம் குட்டியையும் சேர்த்து. ஞாயிறு மாலைக்குள் நீங்களே மேலாளரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் திங்கள் காலை பள்ளிக்கு நான் போன் செய்வேன். அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு பேசாமலே போனாலும் செய்வேன்.

டீச்சர்

மார்ச் 17, செவ்வாய்

உனக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. படித்தேன். படித்தும் நேற்று வேனை எடுத்தேன். வீம்பு.

மூன்றாவது நிறுத்தத்தில், வாத்துக்குஞ்சு என்று நாங்கள் கூப்பிடும் சிறுமி ஏறினாள், எல்லோரிலும் சின்னவள். நானே பெல்ட் போட்டுவிட்டேன். கொக்கி மாட்டவில்லை என்று நினைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். அவள் அலறினாள். இன்னும் அழுத்தினேன். பெல்ட் பிடிக்காமல் அழுகிறாள் என்று நினைத்துவிட்டேன். பின்னால் இருந்து நம் குட்டி கத்தினாள்: "அப்பா, அவ விரல் உள்ள இருக்குப்பா! விடுங்கப்பா!"

என் விரலுக்கும் கொக்கிக்கும் நடுவில் அந்தப் பிஞ்சு விரல் இருந்திருக்கிறது. என் கை ஒன்றுமே சொல்லவில்லை. எலும்புக்கு ஒன்றுமில்லை, நகம் கறுத்துவிட்டது. அவள் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அந்த அம்மா மகளைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள்.

நீ பள்ளிக்கு போன் செய்தபோது சாவி ஏற்கெனவே மேலாளர் மேசையில் இருந்தது. உன் குரல் கேட்டது. அவர் போனை என்னிடம் நீட்டினார். வாங்கத் தைரியம் இல்லை.

உன் மேல் கோபம் இருக்கிறது. நீ சொன்னது தவறு என்பதால் இல்லை. நேராகக் கேட்டால் பொய் சொல்வேன் என்று முடிவு கட்டிவிட்டாயே, அதுதான். பொய்தான் சொல்லியிருப்பேன், துணிக்கு அடியில் பார்த்ததும் உண்மைதான். இருந்தாலும் இனிமேல் நேராகவே கேள். பழகிக்கொள்கிறேன். இதுவும் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் போலிருக்கிறது.

இன்று இரவு போன் செய். எடுக்கிறேன்.

உன்னவன்