துப்பட்டா போட்ட பொம்மை

அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் புது ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. மூச்சு நின்றவர்களின் நெஞ்சை அமுக்கிப் பிழைக்க வைக்கப் பழகுகிற பொம்மை, நம் பள்ளிக்கூடத்துக்கு ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது. தலையும் மார்பும் மட்டும்தான். சரியான இடத்தில் அமுக்கினால் டொக்கென்று சத்தம் வேறு கொடுக்கிறது. நாம் பிளஸ் ஒன்னில் நர்சிங் குரூப் எடுத்தபோது நமக்கு வாய்த்தது கிழிந்த வலையைத் திணித்த சாக்குமூட்டை. இன்று அதே குரூப்புக்கு நான் டீச்சர். உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டிய சங்கதி, யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த மூட்டையைத் தொடக்கூட வெட்கப்பட்டான் நம் வகுப்புத் தேசிங்கு, ஞாபகமிருக்கிறதா? பெண்பிள்ளைகள் எதிரே மண்டிபோட மாட்டேன் என்று நெளிந்தான். நீதான் அவன் கையைப் பிடித்து இழுத்து மூட்டையின் நடுவில் வைத்தாய். "மூச்சு நின்னுப்பூட்டா ஆம்பள இன்னா, பொம்பள இன்னாடா? அமுக்கு" என்றாய். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு அவன் நன்றாகவே கற்றுக்கொண்டான்.

உன் வீட்டில் மேலே படிக்க வைக்கவில்லை. குப்பம் குப்பமாகப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலைதான் கிடைத்தது. அதையும் பெரிய டாக்டர் தோரணையில் செய்தாய். கோட்டைக்குப்பத்தில் நீ நாடி பிடித்துப் பார்க்காத ஆம்பளை யார்? கையைப் பிடித்துக்கொண்டே பீடியை விடச் சொல்லித் திட்டுவாய். அவர்களும் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள்.

அப்படி ஏரிக்கு அக்கரையில் மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள், உனக்கு நீச்சல் வராது. தூக்கிவந்து மணலில் கிடத்தியபோது உடம்பில் சூடு இருந்ததாம். சுற்றிலும் ஆம்பளைகள், பிறந்ததிலிருந்து தண்ணீரிலேயே கிடப்பவர்கள். அவர்கள் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? சேலை விலகியிருக்கிறது என்று துண்டைத் தேடி உன்னைப் போர்த்தினார்கள். பிறகு, பொம்பளைகள் வரட்டும் என்று நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். நான் மீஞ்சூரில் ஒரு கிளினிக்கில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தேன்.

தொட வராத கைகள் எல்லாம் பாடை தூக்க மட்டும் நான் நீ என்று போட்டிபோட்டு வந்தன. பேனரில் உன் படம், ரோஜா மாலை. தூ, என்ன மானம் இது!

தேசிங்கும் அந்தக் கரையில் நின்றவன்தான். காரியம் முடிந்ததும் நேரே போய்க் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். "ஊரே பாக்கறப்ப ஒரு பொம்பள நெஞ்சுல எப்டி கை வெக்கிறது? நாளைக்கு எவன் இன்னா பேசுவானோ. அதுவுமில்லாம, படிச்சதெல்லாம் மறந்தே பூட்ச்சு" என்றான். மறந்தவனை என்ன செய்வது என்று திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது வந்த பொம்மைக்கு என் துப்பட்டாவைப் போட்டுப் பையன்களை அமுக்கச் சொன்னேன். மறுநாளே தேசிங்கு வந்து நின்றான். அவன் மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள். வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதென்ன அசிங்கம் என்று குதித்தான். இது இல்லாமலே சொல்லித்தர வேண்டியதுதானே என்று துப்பட்டாவை உருவி எடுத்தான்.

"சரி, எடுத்துட்ட இல்ல? உன் பொண்ணு பாக்கட்டும். நீயே செஞ்சு காட்டு" என்றேன்.

வீம்புக்கு மண்டிபோட்டான். இரண்டு கையையும் கோத்து வைத்தான். பாடத்தில் சொன்னபடியே முழங்கையை மடக்காமல் அமுக்கினான். டொக், டொக் என்று பொம்மை சத்தம் கொடுத்தது. அன்று நீ அவன் கையைப் பிடித்து வைத்தாயே, அதே இடம். மறக்கவே இல்லையடி அவன்.

துப்பட்டாவை எடுத்து மறுபடி பொம்மைக்குப் போட்டேன். "இப்ப அமுக்கு" என்றேன். அவன் கை எழவில்லை. வெறும் ரப்பர்தான், அதற்கே எழவில்லை. அவன் மகள்தான், "தள்ளு நைனா" என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

இனி எந்த செட் பிள்ளைகள் வந்தாலும் துப்பட்டா போட்டுத்தான் பாடம். எவன் வேண்டுமானாலும் வந்து கத்தட்டும். உன் ஞாபகம் வரும்போதெல்லாம் இப்போது அந்த டொக் டொக்தான் கேட்கிறது. அது உன் நெஞ்சில் விழுந்திருக்க வேண்டியது.